கல்லாவில் இல்லாதது

கடை மூடும் நேரம். இருபது பவுண் தாள்கள், பத்து, ஐந்து, சில்லறைப் பைகள், முத்திரைத் தாள்கள் என எல்லாவற்றையும் எண்ணி முடித்தாயிற்று. எண்ணிய தொகையைத் திரையில் இட்டதும் ஹொரைசன் என்ற மென்பொருள் தன் கணக்கைக் காட்டுகிறது. அது சொல்லும் தொகையைவிடக் கல்லாப்பெட்டியில் 2,000 பவுண் குறைவு என்று வைத்துக்கொள்வோம். 2005-க்குப் பிறகு பிரித்தானியாவில் ஓர் உப தபாலதிபருக்கு அந்த நிமிடத்தில் திரை காட்டிய வழிகள் மிகச் சில. சொந்தக் காசையோ காசோலையையோ போட்டுக் குறையை நிரப்பலாம். அல்லது ‘மையத்தில் தீர்த்துக்கொள்’ என்ற பொத்தானை அழுத்தலாம். கேட்க ஆறுதலான பெயர்தான். ஆனால் அழுத்தினால் அந்தத் தொகை அவர் தபால் நிறுவனத்துக்குத் தரவேண்டிய கடனாக ஏறிவிடும். ‘இந்தக் கணக்கை நான் ஏற்கவில்லை’ என்று சொல்லப் பொத்தான் கிடையாது. எதையும் அழுத்தாமல் இருந்தால் அடுத்த கணக்குக் காலத்துக்குள் நுழைய முடியாது. அதற்குள் நுழையாமல் கவுண்டரைத் தொடர்ந்து நடத்தவும் முடியாது.

இந்த ஒற்றைத் திரையை முன்வைத்து ஒரு பழைய தத்துவக் கேள்வியைக் கேட்கலாம். ஒரு பொருள் ‘இல்லை’ என்பதை நாம் எப்படி அறிகிறோம்? இருப்பதைக் கண் காண்கிறது. இல்லாததைக் காண்பது எது? தரையில் குடம் இல்லை என்கிறோம். அப்போது கண்ணில் படுவது தரை மட்டும்தானே? இந்தியத் தருக்கிகள் நூற்றாண்டுக்கணக்கில் இதை விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆறாக இருந்த வைசேடிகரின் பதார்த்தப் பட்டியலில் ஏழாவதாக அபாவம், அதாவது இன்மை, வந்து சேர்ந்தது. குமாரிலரைப் பின்பற்றிய மீமாஞ்சகர்கள் இன்மையை அறியத் தனி அளவையே, அதாவது தனி அறிவுவழியே, வேண்டும் என்றார்கள். 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அளவைகளை எண்ணும்போது அபாவத்தையும் குறித்துவிட்டு, எல்லாவற்றையும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்கினார். அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தை 18-ஆம் நூற்றாண்டில் மாதவச் சிவஞான முனிவர் தமிழில் தந்தார். ஆகவே இந்தச் சொற்கள் தமிழுக்குப் புதியவை அல்ல. லண்டன் நீதிமன்றங்களில் நடந்த தபாலக வழக்குகளின் அடியில் கிடப்பது இதே கேள்விதான் என்பது என் வாதம். ஒரு வணிக மென்பொருளின் மாதிரியை வரைகிறவர், தாம் தத்துவம் பேசுவதாக நினைக்காமலேயே, இதற்கு ஒரு விடையை எழுதிவிடுகிறார். அந்த விடை தவறினால் ஆட்கள் சிறைக்குப் போகிறார்கள்.

மாதிரி என்று எதைச் சொல்கிறேன்? நிரல் எழுதுவதற்கு முன்னால், ஒரு நிறுவனத்தின் உலகில் என்னென்ன பொருள்கள் உண்டு, அவற்றின் குணங்கள் எவை, ஒன்றோடொன்று என்ன உறவு என்பதைப் பெட்டிகளும் கோடுகளுமாக வரைவது அந்தத் தொழிலின் வழக்கம். வாடிக்கையாளர் ஒரு பெட்டி, கணக்கு ஒரு பெட்டி, பரிவர்த்தனை ஒரு பெட்டி. 1976-ல் பீட்டர் சென் எழுதிய ஒரு கட்டுரை இதைப் பொருள்–உறவு மாதிரி என்று முறைப்படுத்தியது. பின்னால் வந்தவற்றில் பல அதன் பேரப்பிள்ளைகள். இன்றைய வணிக மென்பொருளைச் சேவைகளாகப் பிரித்துக் கட்டுகிறார்கள். பணம் செலுத்தும் சேவை, சரக்கிருப்புச் சேவை, கணக்குச் சேவை என்று ஒவ்வொன்றும் தனியே நின்று மற்றதற்குச் செய்தி அனுப்பும். தருக்க நூல் படித்த ஒருவரை அந்த வெள்ளைப் பலகைக்கு முன் நிறுத்தினால் அவர் திகைக்கமாட்டார். திரவியம், குணம், கருமம், சம்பந்தம் எல்லாம் அவருக்குத் தெரிந்த சங்கதிதான். ஆனால் ஒரு வேறுபாட்டை அவர் கவனிக்கவேண்டும். வைசேடிகர் தம் பட்டியலில் ஒன்றை மறந்துவிட்டால் உலகத்துக்கு ஒன்றும் ஆகாது. அந்தப் பொருள் பாட்டுக்கு இருந்துகொண்டிருக்கும். மென்பொருளின் பட்டியலில் விடுபட்டது அந்த நிறுவனத்தின் உலகிலிருந்தே போய்விடும். பெட்டி இல்லாத ஒன்றைப் பற்றி அறிக்கை எடுக்க முடியாது, எண்ண முடியாது, மேலாளர் கேட்கவும் முடியாது.

ஹொரைசன் உருவான 1990-களில் ‘சேவை சார் கட்டமைப்பு’ என்ற பெயர் பரவியிருக்கவில்லை. ஆனால் செய்ய வந்த வேலை ஏறக்குறைய அதுதான். உப தபாலகம் என்பது ஒரு மூலைக்கடையின் உட்பக்கம், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், பல நிறுவனங்களின் சேவைகள் வந்து கூடும் இடம். முத்திரை, ஓய்வூதியம், மின்கட்டணம், வங்கிப் பணம், லாட்டரி எல்லாம் ஒரே கல்லாவில் விழும். இவற்றை நடத்தியவர்களில் தெற்காசியர் பெருந்தொகை. இலங்கைத் தமிழரின் மூத்த தலைமுறை இன்னும் ‘தபாற்கந்தோர்’ என்றே சொல்லும் இடம் இது. அரசு உதவிப் பணத்தை அட்டை மூலம் கொடுக்கவென்று 1996-ல் ஐசிஎல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடப்பட்டது. 1999-ல் அரசு அட்டைத் திட்டத்தைக் கைவிட, எஞ்சியதைத் தபால் கவுண்டர்களின் கணக்குப் பொறியாக்கினார்கள். ஐசிஎல் ஜப்பானின் ஃபுஜிட்சுவுக்குச் சொந்தமானது. ஹொரைசன் கிளைகளுக்கு வந்த 1999 முதல் 2015 வரை களவு, மோசடி, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டவர்கள் 900-க்கும் மேல். அவர்களில் மிகப் பலர்மீது வழக்குத் தொடுத்தது காவல்துறை அல்ல, தபால் நிறுவனமே.

இதில் மாதிரியின் பங்கு என்ன? உப தபாலதிபரின் ஒப்பந்தம் சொன்னது ஒன்று. திரை செய்தது வேறொன்று. அவருடைய அசட்டையாலோ கவனக்குறைவாலோ தவறாலோ ஏற்பட்ட நட்டத்துக்கு அவர் பொறுப்பு என்பதே பழைய ஒப்பந்தத்தின் வாசகம். அதாவது நட்டம் ஒன்று உண்மையாகவே ஏற்பட்டிருக்கவேண்டும். அதற்குக் காரணம் அவராகவும் இருக்கவேண்டும். திரையின் உலகில் இந்த இரண்டுக்கும் இடமில்லை. இரண்டு எண்கள் பொருந்தாவிட்டால் அது வேறுபாடு. வேறுபாடு அந்தக் கணமே குறை. குறை என்றால் கடன். கடனைக் கொடுக்க வழியில்லாமல், சரியென்று கையெழுத்திட்டு அடுத்த மாதத்துக்குத் தள்ளினால் பொய்க்கணக்கு. இந்த நாலு படிகளில் ஒவ்வொன்றும் தனித்தனியே நிறுவப்படவேண்டிய ஒரு கூற்று. ஹொரைசனில் அவை ஒரே பெட்டிக்கு வைத்த நாலு பெயர்களாகிவிட்டன.

இங்கேதான் தருக்கிகள் உதவிக்கு வருகிறார்கள். இன்மை ஒரே வகை இல்லை என்றார்கள் அவர்கள். குயவன் வனைவதற்கு முன் குடம் இல்லாதிருப்பது முன்னின்மை. குடம் பிறந்ததும் அது முடிந்துபோகும். உடைந்தபின் இல்லாமற்போவது அழிவுபாட்டின்மை. அதற்குத் தொடக்கம் உண்டு, முடிவு கிடையாது. குடம் துணி அல்ல என்பது ஒன்றினொன்றின்மை. காற்றில் நிறம் இல்லை என்பதுபோல் எக்காலத்தும் இல்லாதது முழுதும் இன்மை. இன்னொரு விதியும் வைத்தார்கள். ‘இல்லை’ என்று சொல்பவர் எது இல்லை என்று சொல்லியாகவேண்டும். எதனுடைய இன்மையோ அந்தப் பொருளைப் பிரதியோகி என்பார்கள். கல்லாவில் 2,000 பவுண் ‘குறைகிறது’ என்றால் அந்த 2,000 பவுண் முன்பு அங்கே வந்திருக்கவேண்டும், பிறகு போயிருக்கவேண்டும். இது அழிவுபாட்டின்மை. அந்தப் பணம் அங்கே வந்ததே இல்லை, மென்பொருள் மட்டும் வந்ததாக எழுதிக்கொண்டது என்றால் அது முழுதும் இன்மை. இரண்டிலும் கல்லாவைத் திறந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான்: தாள்கள் இல்லை. ஆனால் முதலாவதில் ‘எங்கே போயிற்று?’ என்ற கேள்விக்குப் பொருள் உண்டு. இரண்டாவதில் அந்தக் கேள்வியே பிழை. இப்பியின் பளபளப்பை வெள்ளி என்று மயங்குவது நம் தத்துவ நூல்களில் அடிக்கடி வரும் எடுத்துக்காட்டு. அருகே போனவன் வெள்ளியைக் காணாமல் நாணித் திரும்புவான் என்பதோடு அந்த எடுத்துக்காட்டு முடிந்துவிடும். தபால் நிறுவனம் அதை ஒருபடி நீட்டியது. இப்பியில் பார்த்த வெள்ளியைக் காணவில்லை என்று கரையில் நின்றவரைப் பிடித்துக் கூண்டில் ஏற்றியது.

இது வெறும் உவமை என்று தள்ளிவிட முடியாது. 2015-ல் ஸ்கொட்லாந்தின் டல்மெலிங்டன் கிளையில் நடந்ததைப் பார்த்தால் தெரியும். சிறு ஊர் ஒன்றில் அந்தக் கிளை நடத்திய துணைக் கவுண்டருக்கு 8,000 பவுண் பணப்பை வந்தது. பையின் பட்டைக்குறியை வருடிவிட்டு ஏற்பதற்கான விசையைத் தட்டினார்கள். திரை மாறவில்லை, மறுபடி தட்டினார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஹொரைசன் ஒரு புதிய 8,000 பவுண் வந்ததாகப் பதிந்துகொண்டே போனது. கடைசியில் கணக்கின்படி 32,000, கையில் 8,000, குறை 24,000. இந்த 24,000 பவுணை யாரும் அச்சிடவில்லை, வண்டியில் ஏற்றவில்லை, கல்லாவில் வைக்கவில்லை. பிரதியோகியே இல்லாத இன்மை. அந்தக் கிளையில் விஷயம் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் அதே கோளாறு பல ஆண்டுகளாக வேறு கிளைகளிலும் நிகழ்ந்திருந்தது பின்னர் தெரியவந்தது. ஒரு பை ஒருமுறைதான் வந்துசேர முடியும் என்பது தபாற்பை தூக்குகிற எவருக்கும் தெரியும். மாதிரியில் பைக்கும் வரவுப் பதிவுக்கும் இடையே அந்தக் கட்டுப்பாட்டைக் காப்பாற்றும் கோடு இல்லை. பொருளின் இயல்பை எழுதாமல் விட்ட இடத்தில் பேய்ப்பணம் குடிபுகுந்தது.

கணக்குப்பதிவின் மரபுக்கு இதெல்லாம் தெரியாதா என்றால், தெரியும். இரட்டைப் பதிவு முறையில் பற்றும் வரவும் பொருந்தாதபோது அந்த வேறுபாட்டை வைக்க ஓர் இடம் உண்டு. நம் கணக்கியல் பாடநூல்களில் அதற்கு அனாமத்துக் கணக்கு என்று பெயர். ‘இது என்னவென்று இன்னும் தெரியவில்லை’ என்று ஒரு தொகை கௌரவமாக உட்கார்ந்திருக்கும் நாற்காலி அது. ஹொரைசனிலும் தொடக்கத்தில் பிணக்கான தொகையை அப்படி நிறுத்திவைக்க வழியிருந்தது. 2005-ல் கணக்கு முறையை மாற்றியபோது அதை எடுத்துவிட்டார்கள்; நிலுவையில் கிடக்கும் தொகைகளைக் குறைத்துக் கணக்கைச் சீக்கிரம் மூடவேண்டும் என்ற நிர்வாக ஆசை. நியாய சூத்திரம் அடுக்கும் பதினாறு பொருள்களில் அளவை, அளக்கப்படுவது ஆகிய இரண்டையும் அடுத்து மூன்றாவதாக நிற்பது ஐயம். அறிவின் குறைபாடு என்று அதை ஒதுக்காமல், விசாரணை தொடங்கும் இடம் என்று நாற்காலி போட்டிருக்கிறார்கள். 2005-ல் ஹொரைசனிலிருந்து எடுக்கப்பட்டது ஒரு கணக்குத் தலைப்பு மட்டும் இல்லை. ஐயம் என்ற பொருளே அந்த உலகிலிருந்து நீக்கப்பட்டது. மென்பொருள் துறைக்கும் இந்த நுட்பம் புதிதில்லை. தொடர்புசார் தரவுத்தளத்தின் தந்தையான எட்கர் காட், தரவில் விடப்படும் வெற்றிடம் ஒரே வகையாக இருக்கக்கூடாது என்று வாதாடி, ‘இருக்கவேண்டியது, ஆனால் தெரியவில்லை’ என்பதற்கு ஒரு குறியும் ‘இங்கே பொருந்தாது’ என்பதற்கு இன்னொரு குறியும் வேண்டும் என்று 1990-ல் வெளியிட்ட நூலில் வலியுறுத்தினார். அது வேண்டாத சிக்கல் என்று தொழில் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டது. நாலு வகை இன்மை கேட்ட தருக்கிகளுக்குப் பக்கத்தில் இரண்டே கேட்டவர் அவர், அதுவும் கிடைக்கவில்லை.

இவ்வளவும் எதற்கு, மென்பொருளில் கோளாறு இருந்தது, அதிகாரிகள் மறைத்தார்கள், அவ்வளவுதானே என்று ஒருவர் கேட்கலாம். அவர் கேட்பது நியாயம். கோளாறு இருந்தது, மறைத்தவர்களும் இருந்தார்கள், பொறுப்பை ஒரு வரைபடத்தின் தலையில் கட்டிவிட்டு மனிதர்கள் நழுவுவதற்கு நான் கதவு திறக்கவில்லை. ஆனால் கோளாறு தந்தது தவறான எண்ணை மட்டும். அந்த எண்ணைக் கடனாக்கியது கோளாறு அல்ல. பனிப்படலத்தைப் புகை என்று மயங்கி மலையில் நெருப்பு என்பவன் தவறுகிறான். உடனே ஊரைக் காலிசெய்யவேண்டும் என்று சட்டமும் இருந்தால் தவறு பேரழிவாகிறது. மறைப்பும்கூட மாதிரியின் நிழலில்தான் எளிதாயிற்று. ஃபுஜிட்சுவின் பொறியாளர்களிடம் தெரிந்த பிழைகளின் பதிவேடு ஒன்று இருந்தது. அவர்கள் உலகில் ‘பிழை’ ஒரு பொருள். அதற்கு எண் உண்டு, தேதி உண்டு, பாதிக்கப்பட்ட கிளைகள் உண்டு. தபால் நிறுவனத்தின் கணக்குலகில் ‘கடன்’ ஒரு பொருள். இந்தப் பெட்டிக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவே கோடு இல்லை. அதனால்தான் உதவி எண்ணில் பேசியவர்கள் ஒவ்வோர் உப தபாலதிபரிடமும் ‘உங்களுக்கு மட்டும்தான் இப்படி’ என்று சொல்ல முடிந்தது. சிலர் தெரிந்தே பொய் சொல்லியிருக்கலாம். பலர் தம் திரை காட்டியதையே சொல்லியிருப்பார்கள். நல்லவர்களையும் பொய்யராக்கும் வரைபடத்தை வெறும் தொழில்நுட்பக் குறை என்று எப்படி விடுவது?

இன்னொரு ‘இல்லை’யும் இதில் உண்டு. ‘ஹொரைசனில் கோளாறு இல்லை’ என்று தபால் நிறுவனம் ஆண்டுக்கணக்கில் சொன்னது. இதுவும் இன்மையைப் பற்றிய கூற்றுதானே? இதை எந்த அளவையால் அறிந்தார்கள்? காணாமையால் இன்மையை அறியலாம் என்று ஒத்துக்கொண்ட மீமாஞ்சகர்கூட ஒரு நிபந்தனை வைத்தார்: இருந்திருந்தால் கண்டிருப்பேன் என்று சொல்லக்கூடிய நிலையில் காண்பவன் இருக்கவேண்டும். இருட்டறையில் குடத்தைக் காணாதவன் குடம் இல்லை என்று சொல்ல உரிமையற்றவன். தபால் நிறுவனம் விளக்கை ஏற்றவில்லை. விளக்கு இருந்த அறைக்குள் பிறர் நுழையாமலும் பார்த்துக்கொண்டது. யோர்க்ஷயரின் பிரிட்லிங்டனில் கிளை நடத்திய லீ காசில்டன் உதவி எண்ணுக்கு 91 முறை தொலைபேசினார். அவர்மீது 25,000 பவுண் அளவிலான குறைக்காகத் தபால் நிறுவனம் லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாமல் அவரே வாதாடினார். குறை மெய்யானது, மாயத் தோற்றமல்ல என்று 2007 ஜனவரியில் தீர்ப்பாயிற்று. வழக்குச் செலவாக 321,000 பவுண் அவர் தலையில் விழுந்து அவர் கடன்முறிந்தவரானார். மெய்யா தோற்றமா என்ற வேதாந்தப் பிரச்சினையை ஓர் ஆங்கில நீதிமன்றம் அந்தச் சொற்களாலேயே முடிவுசெய்த விசித்திரம் அது. 12 ஆண்டு கழித்து, 2019 டிசம்பர் 16 அன்று, 555 பேர் முன்னாள் உப தபாலதிபர் அலன் பேட்ஸ் தலைமையில் தொடுத்த வழக்கில் நீதிபதி பிரேசர் ஹொரைசனின் கோளாறுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, நிறுவனத்தின் மறுப்பைப் பூமி தட்டை என்று அடம்பிடிப்பதோடு ஒப்பிட்டார். இந்த விவகாரத்தை ஆராய்ந்த பொது விசாரணை பின்னர் அமர்ந்த ஆல்ட்விச் கட்டடத்திலிருந்து சில எட்டில் இருக்கும் லண்டன் பொருளியல் கல்லூரியில்தான் கார்ல் பாப்பர் 1946 முதல் 1969 வரை கற்பித்தார். எப்படியும் பொய்யாக்க முடியாத கூற்றை அறிவியல் என்று ஒப்புக்கொள்ளாதவர் அவர்.

சட்டமும் மாதிரியின் பக்கம் சாய்ந்துநின்றது. 1984-ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் 69-ஆம் பிரிவின்படி கணினிப் பதிவைச் சான்றாக வைப்பவர் அந்தக் கணினி ஒழுங்காக இயங்கியதைக் காட்டவேண்டியிருந்தது. 1999-ல் நிறைவேறிய சட்டம் அதை நீக்கியது. 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஹொரைசன் கிளை கிளையாக ஏறிக்கொண்டிருந்த அதே காலம். அதன்பிறகு கணினி சரியாக இயங்கியது என்பதே தொடக்க ஊகம். மறுப்பவர்தான் காரணம் காட்டவேண்டும். நம் அளவை நூலில் இதற்கு நேரான இடம் உரை, அதாவது ஆப்தன் வாக்கு. ஆனால் ஆப்தன் என்றால் யார்? பொருளை உள்ளபடி அறிந்தவன், அறிந்ததை மறைக்காதவன். உள்ளதை அறியும் தகுதி ஒன்று, சொல்லும் நேர்மை ஒன்று. இரண்டில் ஒன்று இல்லாதவன் வாக்கும் அளவையாகாது. பொறிக்கு நேர்மைக் குறை இல்லை என்பதைக் கண்டு சட்டம் ஏமாந்தது. அறியும் தகுதியைச் சோதிக்க மறந்தது. சர்ரேயின் மேற்கு பைஃப்லீட்டில் கிளை நடத்திய சீமா மிஸ்ரா 2010 நவம்பர் 11 அன்று கர்ப்பிணியாக இருந்தபோது 15 மாதச் சிறைத்தண்டனை பெற்றது இந்த ஊகத்தின் காலத்தில்தான். 2021 ஏப்ரல் 23 அன்று ஸ்ட்ராண்டிலுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை நீக்கியபோது அவரும் அதில் ஒருவர்.

வணிகம் செய்பவர் ஒருவர் பொறுமை இழந்து கேட்பார்: ஐயத்துக்கெல்லாம் பெட்டி வைத்தால் கடை நடக்குமா? கையாடுகிறவர்களும் உலகில் இருக்கிறார்களே, அவர்கள் எல்லோரும் அனாமத்தில் போட்டுவிட்டு உட்காரமாட்டார்களா? மாதிரி என்றாலே சுருக்கம்தானே? இந்த எதிர்ப்பில் பாதி உண்மை. எந்த வரைபடமும் உலகம் முழுவதையும் தாங்காது. தாங்கினால் அது வரைபடம் இல்லை. ஆனால் எதைச் சுருக்குவது என்பதில்தான் நியாயம் இருக்கிறது. வாடிக்கையாளரின் கண் நிறத்தை விட்டுவிடலாம். ஒருவரைக் கடனாளியாக்கும் படியை விட்டுவிடக்கூடாது. நியாய நூல் ஐயத்தை மூன்றாவதாக வைத்துவிட்டு அங்கேயே படுத்துவிடவில்லை. சில படிகள் தள்ளி நிர்ணயம் என்ற பொருளும் அதே பட்டியலில் உண்டு. அனாமத்துக்குக் காலக்கெடு வைக்கலாம், தொகைக்கு வரம்பு வைக்கலாம், எவர் எத்தனை நாளில் ஆராய்ந்து சொல்லவேண்டும் என்று வைக்கலாம். மெய்யான திருடனும் அதனால் தப்பிவிடமாட்டான். அவன் திருடினான் என்று காட்டியபின் தண்டிக்கலாம். வழக்குகளுக்குப் பிறகு, கணக்கை மறுக்கவும் மறுஆய்வு கேட்கவும் ஒரு பொத்தான் திரையில் சேர்ந்தது. கடைகள் அதனால் மூடிப்போகவில்லை. ஒரு பொத்தானுக்கு ஆன செலவு எவ்வளவு இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் வயிற்றெரிச்சல்தான் மிஞ்சும்.

இதைவிடக் கனமான எதிர்ப்பு நம் பக்கத்திலிருந்தே வரும். பதார்த்தப் பட்டியல் போட்ட அதே மரபுதானே மனிதர்களையும் பட்டியலில் அடைத்தது? உண்மை. பிராமணத்துவம் என்பது மெய்யாகவே உள்ள ஒரு சாமானியம் (பொதுமை), கண்ணால் காணத்தக்கது என்று வாதாடிய தருக்கிகளும் மீமாஞ்சகர்களும் உண்டு. அதை மறுத்து பௌத்தர்கள் நூல் எழுதினார்கள். சொல்லை வகுத்துவிட்டால் பொருளும் அப்படியே பிளந்து நிற்கும் என்ற மயக்கம் எந்த மரபுக்கும் வரும். தபால் நிறுவனத்தின் புலனாய்வாளர்களுக்கான ஆவணம் ஒன்று 2023-ல் வெளியே வந்தது. சந்தேகத்துக்குள்ளானவர்களைத் தோற்றத்தைக் கொண்டு வகைப்படுத்த, குடியேற்ற ஆட்சிக் காலத்து இனச் சொற்களோடு எண்ணிட்ட ஒரு பட்டியல் அதில் இருந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. பாருங்கள்: உப தபாலதிபரின் மறுப்பை வைக்க மாதிரியில் ஒரு பெட்டி கிடைக்கவில்லை, அவருடைய தோலின் நிறத்துக்கு வரிசையாகப் பெட்டிகள் இருந்தன. ஆகவே பழைய தருக்கத்தைக் கொண்டுவந்து நிறுவினால் எல்லாம் சரியாகும் என்று நான் சொல்லவில்லை. பௌத்தரும் நையாயிகரும் அந்தப் பட்டியலை ஒருவர்மேல் ஒருவர் எறிந்து ஆயிரம் ஆண்டு சண்டையிட்டார்கள். ‘இந்தப் பெட்டி எதற்கு? இது மெய்யாகவே உள்ளதா? உனக்கு எப்படித் தெரியும்?’ என்று எதிர்க்கட்சி கேட்டுக்கொண்டே இருந்தது. பூர்வபட்சத்தை, அதாவது எதிராளியின் வாதத்தை, எழுதாமல் சித்தாந்தம் எழுதக்கூடாது என்பது அவர்கள் ஒழுங்கு. ஹொரைசனின் கூட்ட அறைகளில் பூர்வபட்சமாக உட்காரவேண்டியவர் உப தபாலதிபர். அவர் கவுண்டருக்குப் பின்னால் தாள்களை மூன்றாவது தடவையாக எண்ணிக்கொண்டிருந்தார்.

லண்டனில் நம் பிள்ளைகளில் பலர் இன்று வங்கிகளுக்கும் காப்புறுதிக்காரருக்கும் மருத்துவச் சேவைக்கும் இத்தகைய மாதிரிகளை வரைகிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ‘கடன்’ என்று ஒரு பெட்டி வரைந்தால் அதற்குள் வரும் கோடுகளை எண்ணிப் பாருங்கள். ஒரே கோடுதான் வருகிறது, அதுவும் ஒரு கழித்தற் கணக்கிலிருந்து வருகிறது என்றால் எழுந்து நின்று கேளுங்கள். கேட்டால் கூட்டம் நீளும், முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

2024 மே 24 அன்று அரச ஒப்புதல் பெற்ற சட்டம் இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் ஹொரைசன் சார்ந்த தண்டனைகளை மொத்தமாக நீக்கியது. கணினியைப் பற்றிய ஊகத்தை மாற்றலாமா என்று நீதி அமைச்சு 2025 ஜனவரியில் கருத்துக் கேட்டது. பொது விசாரணையை நடத்திய சர் வின் வில்லியம்ஸ் தம் அறிக்கையின் முதல் தொகுதியை 2025 ஜூலை 8 அன்று வெளியிட்டார். இல்லாத பணத்தின் பொருட்டு 13 பேராவது தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டிருக்கலாம் என்று அதில் இருக்கிறது. பணத்தின் இன்மை எந்த வகை என்று தீர்ப்புச் சொல்ல லண்டனுக்கு 20 ஆண்டு ஆயிற்று. இந்த மனிதர்களின் இன்மையில் அந்தச் சந்தேகம் யாருக்கும் இல்லை. அது அழிவுபாட்டின்மை.